பெயரை மாற்றிக்கொண்டால் அப்பாவை மறுத்ததாகுமா?

இந்த முறை பதில் எழுதும் கடிதம் ஆறு பக்கம். எழுதியவர் யார் என்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

வாசகிக்கு 36 வயது. வட மாவட்டம் ஒன்றில், விவசாயக் குடும்பத்தில் நான்காவது பெண்ணாகப் பிறந்தவர். பெண் போதும், அடுத்ததாவது பையனாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டு ‘போதும்பொண்ணு’ என்று பெயர் வைத்தார்கள். இரண்டு வருடம் கழித்துத் தம்பி பிறந்தான். “உன் பேரு ராசிதான்டி” என்று பாட்டி தலையைத் தடவிக்கொடுத்தது ஒன்றுதான் அந்தப் பெயரால் தனக்குக் கிடைத்த பாராட்டு என்கிறார். பள்ளியில் வருகைப்பதிவு எடுக்கும்போது இவர் ‘உள்ளேன் ஐயா’ சொல்வதற்குள் பின்பெஞ்சில் சிரிப்பு கிளம்பிவிடும். கல்லூரி விடுதியில் முதல் நாள் யாரோ பெயர் கேட்டபோது, வாயில் ‘பொன்னி’ என்று வந்துவிட்டது. அன்றிலிருந்து தோழிகளுக்கும், பிறகு கணவருக்கும், இப்போது வேலை பார்க்கும் மருத்துவமனை ஆய்வகத்தில் இருப்பவர்களுக்கும் அவர் பொன்னிதான். சான்றிதழ், ஆதார், வங்கிக் கணக்கு எல்லாவற்றிலும் போதும்பொண்ணு. வங்கியில் அந்தப் பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டால், கூட்டம் கொஞ்சம் கலையட்டும் என்று காத்திருந்து எழுந்து போவாராம்.

போன மாதம், மூன்றாம் வகுப்பு படிக்கும் மகளுக்குப் பள்ளியில் குடும்ப மரம் வரையச் சொல்லியிருக்கிறார்கள். ஒவ்வொருவர் பெயருக்குக் கீழேயும் அதன் பொருளை எழுத ஒரு கட்டம். அப்பா, தாத்தா, பாட்டி என எல்லோருக்கும் எழுதி முடித்துவிட்டு, “அம்மா, உன் பேர்ல யாருக்கு என்ன போதும்?” என்று மகள் கேட்டிருக்கிறாள். இவர் அடுப்பைப் பார்க்கப் போவதுபோல் சமையலறைக்குள் போய்விட்டார். கட்டம் காலியாகவே போனது. ஆசிரியை அதில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டு நோட்டைத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்.

அதற்குப் பிறகுதான் பெயரை மாற்றும் பேச்சை ஊரில் எடுத்தார். 74 வயது அப்பா, “நான் வச்ச பேரு பிடிக்கலன்னா நான் போன பிறகு மாத்திக்கோ” என்று சொல்லிவிட்டுத் திண்ணையிலிருந்து எழுந்து போய்விட்டார். அத்தை, “பேரை மாத்தினா அப்பன் சொத்துல பங்கு கிடையாது” என்றார். எண்கணித ஜோதிடர் ஒருவர், பதவி உயர்வு தள்ளிப்போவதற்குக் காரணமே இந்தப் பெயர்தான் என்று சொல்லி, வேறொரு பெயர் குறித்துக் கொடுக்க 15,000 ரூபாய் கேட்கிறார்.

“பெயரை மாற்றினால் இந்த வலி போய்விடுமா? என் படிப்புச் சான்றிதழ் செல்லாமல் போகுமா? வயதான காலத்தில் அப்பாவைக் கலங்கவைத்த மகளாகிவிடுவேனா? வேண்டாதவளாகப் பிறந்தவள் வேறு பெயர் வைத்துக்கொண்டால் மட்டும் வேண்டியவள் ஆகிவிடுவாளா?” இவைதான் அவருடைய கேள்விகள்.

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். மற்றவை எல்லாம் அதில்தான் மாட்டிக்கொண்டிருக்கின்றன.

‘வேண்டாதவளாகப் பிறந்தவள்’ என்று உங்களை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதே கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில், எட்டாம் வகுப்பில் டைபாய்டு வந்தபோது அப்பா உங்களைச் சைக்கிளில் முன்கம்பியில் உட்காரவைத்து, துண்டால் தன் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு டவுன் ஆஸ்பத்திரிக்கு மிதித்துக்கொண்டு போனதை எழுதியிருக்கிறீர்கள். கல்லூரிக் கட்டணத்துக்குக் கறவை மாட்டை விற்றதையும் எழுதியிருக்கிறீர்கள். இரண்டுமே நடந்தவை. பெயர் வைத்ததும் நடந்தது, மாட்டை விற்றதும் நடந்தது. இதில் ஒன்றை வைத்து இன்னொன்றைப் பொய் என்று சொல்லவேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை. ‘அப்பா என்னை விரும்பினார், ஆகவே பெயரைப் பற்றி வருத்தப்படக் கூடாது’ என்பதும் தவறு. ‘பெயர் இப்படி, ஆகவே அவர் என்னை விரும்பியதே இல்லை’ என்பதும் தவறு. நீங்கள் பல வருடங்களாக இந்த இரண்டுக்கும் நடுவில் போய்ப்போய் வந்துகொண்டிருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது.

அந்தப் பெயர் யாரைப் பார்த்துச் சொல்லப்பட்டது என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பிறந்து சில நாளே ஆன குழந்தையிடம் யாரும் ‘போதும்’ என்று சொல்லவில்லை. சாமியிடம் சொன்னார்கள். ‘பெண் கொடுத்தது போதும்’ என்று சாமிக்குப் போட்ட மனுவைக் குழந்தையின் தலையில் எழுதி ஒட்டிவிட்டார்கள். சாமிக்குப் போய்ச் சேர்ந்ததோ இல்லையோ, 36 வருடமாக அதைப் படித்துக்கொண்டிருப்பவர் நீங்கள். எழுதியவர்கள் நினைத்தது ஒன்று, வந்து சேர்ந்தது வேறொன்று. நினைத்தது வேறு என்பதால் உங்களுக்கு வந்து சேர்ந்த காயம் சின்னதாகிவிடாது. ஆனால் ‘என்னைப் பார்த்து, என்னை எடைபோட்டு, வேண்டாம் என்றார்கள்’ என்று நீங்கள் நம்பிக்கொண்டிருக்கிறீர்களே, அது நடக்கவில்லை. உங்களை அப்போது யாருக்கும் தெரியவே தெரியாது.

என் அம்மாவைப் பெற்ற பாட்டியின் பெயர் பிச்சையம்மாள். அவருக்கு முன் பிறந்த மூன்று குழந்தைகள் தங்கவில்லை. அதனால் இந்தக் குழந்தையை முறத்தில் போட்டுப் பக்கத்து வீட்டுக்காரியிடம் கொடுத்து, ஒரு படி தவிட்டுக்குத் திரும்ப வாங்கி, பிச்சை கேட்டு வாங்கிய பிள்ளை என்று பெயர் வைத்தார்களாம். குப்புசாமி, குப்பம்மாள் என்ற பெயர்களுக்குப் பின்னாலும், மூக்குக் குத்தி வைத்த மூக்கன் என்ற பெயருக்குப் பின்னாலும் பல குடும்பங்களில் இதே கதைதான். இந்தப் பிள்ளைக்கு மதிப்பே இல்லை, இதை எடுத்துப்போகாதே என்று எமனை ஏமாற்றுகிற வித்தை அது. பிச்சையம்மாள் என்பது, எப்படியாவது இவள் பிழைக்க வேண்டும் என்று கெஞ்சிய பெயர். உங்கள் பெயரை அதோடு சேர்த்து, ‘அந்தக் காலத்தில் எல்லாரும் இப்படித்தான் வைத்தார்கள்’ என்று யாராவது ஆறுதல் சொன்னால் ஏற்றுக்கொள்ளாதீர்கள். அந்தப் பெயர்கள் குழந்தைக்காகக் கேட்டவை. உங்கள் பெயர் இன்னொரு குழந்தைக்காகக் கேட்டது. நீங்கள் உணர்ந்த வித்தியாசம் உண்மையானதுதான். மிகையாக எதையும் கற்பனை செய்துகொள்ளவில்லை.

நீங்கள் தனியாளும் இல்லை. திருத்தணி பக்கத்துக் கிராமங்களில் ‘வேண்டாம்’ என்ற பெயரோடு பெண்கள் இருப்பது செய்தித்தாள்களில் வந்திருக்கிறது. மகாராஷ்டிராவில் இதே பொருளில் ‘நகுஷா’ என்று வைப்பார்கள். 2011 அக்டோபரில் சத்தாரா மாவட்ட நிர்வாகம் அப்படிப் பெயர் இருந்த 285 சிறுமிகளைக் கூட்டி, புதுப் பெயர் போட்ட சான்றிதழை ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தது. 2018 ஜனவரியில் வெளியான மத்திய அரசின் பொருளாதார ஆய்வறிக்கை, பையன் பிறக்கும்வரை பெற்றுக்கொண்டே போகும் வழக்கத்தால் பிறந்த, 25 வயதுக்குட்பட்ட ‘வேண்டப்படாத’ பெண்கள் நாட்டில் சுமார் 2 கோடியே 10 லட்சம் பேர் என்று மதிப்பிட்டது. அவர்களில் பெரும்பாலானவர்களுக்கு அழகான பெயர்கள்தான் இருக்கும். உங்கள் வீட்டில் அந்த ஆசையை மறைக்காமல் பெயரிலேயே எழுதிவிட்டார்கள்.

அப்புறம், அந்த ராசி. தம்பி பிறந்ததற்கு உங்கள் பெயர் காரணம் இல்லை. பிறப்பது ஆணா பெண்ணா என்பது அப்பாவிடமிருந்து வரும் உயிரணுவில் எக்ஸ் குரோமோசோம் இருக்கிறதா, ஒய் இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. நான்கு பெண்ணுக்குப் பிறகும் ஐந்தாவது குழந்தைக்கு வாய்ப்பு ஏறக்குறைய பாதிக்குப் பாதிதான். ஆய்வகத்தில் வேலை செய்யும் உங்களுக்கு இது என்னைவிட நன்றாகத் தெரியும். ஆனாலும் ‘என் பெயரால்தான் தம்பி வந்தான், அந்த ஒன்றுக்காவது நான் பயன்பட்டேன்’ என்று ஓரிடத்தில் எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியைப் படித்தபோது எனக்கு மனசு கனத்துவிட்டது. இன்னொருவருக்கு வழிவிட்டதால் கிடைத்த மதிப்பு உங்களுக்கு எதற்கு?

பெயர் தலையெழுத்தை எழுதுமா?

ஜோதிடர் விஷயத்துக்கு வருவோம். அந்த 15,000 ரூபாயைக் கொடுக்காதீர்கள்.

பெயருக்கும் வாழ்க்கைக்கும் உள்ள தொடர்பை அமெரிக்காவில் நிறைய ஆராய்ந்திருக்கிறார்கள். 2004-இல் வெளியான இரண்டு ஆய்வுகளைச் சேர்த்துப் படித்தால் விஷயம் தெளிவாகும். ஒன்றில், பாஸ்டன், சிகாகோ நகரங்களில் வேலை விளம்பரங்களுக்குச் சுமார் 5,000 போலி விண்ணப்பங்கள் அனுப்பினார்கள். தகுதியில் வித்தியாசம் இல்லை. சிலவற்றில் வெள்ளையர் பெயர், சிலவற்றில் கறுப்பினத்தவர் பெயர். வெள்ளையர் பெயருக்குப் பத்து விண்ணப்பத்துக்கு ஓர் அழைப்பு வந்தது. மற்றதற்குப் பதினைந்து அனுப்ப வேண்டியிருந்தது. இன்னோர் ஆய்வு கலிபோர்னியாவின் பிறப்புப் பதிவுகளை வைத்துச் செய்தது. பிறந்த குடும்பத்தின் வசதி, சூழல் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துக்கொண்டு பார்த்தபோது, பெயரால் மட்டும் ஒருவருடைய பிற்கால வாழ்க்கை கெட்டதாகத் தெரியவில்லை.

அதாவது, பெயரைப் பார்த்து மற்றவர்கள் நம்மை நடத்தும் விதம் மாறலாம். எழுத்துக்குள் உட்கார்ந்துகொண்டு நம் வாழ்க்கையைத் திருப்பும் சக்தி எதுவும் கிடையாது. உங்கள் ஆய்வகத்தில் எல்லோரும் உங்களைப் பொன்னி என்றுதான் கூப்பிடுகிறார்கள். அப்படி இருக்க, கோப்புக்குள் இருக்கும் பெயர் எப்படிப் பதவி உயர்வைத் தடுத்திருக்கும்? ஆனால் நீங்களே வேறொன்று எழுதியிருக்கிறீர்கள். மூத்த டெக்னீசியன் பதவிக்கு விண்ணப்பித்தால் பெயர்ப்பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டுவார்கள் என்பதால், இரண்டு முறை விண்ணப்பிக்கவே இல்லை. பதவி உயர்வு நின்றது அங்கேதான். அடுத்த முறை எந்தப் பெயரில் இருந்தாலும் விண்ணப்பித்துவிடுங்கள். பெயர் மாற்ற அறிவிப்பு அரசிதழில் வரும்வரைகூடக் காத்திருக்க வேண்டாம்.

எந்தப் பெயர் உங்களுடையது?

குழந்தைகள் ஏறக்குறைய நாலரை மாதத்திலேயே தங்கள் பெயரின் ஒலியை மற்ற ஒலிகளிலிருந்து பிரித்துக் கேட்கத் தொடங்கிவிடுகிறார்கள் என்று 1995-இல் ஓர் ஆய்வு காட்டியது. பொருள் புரிவதற்கு வருடங்கள் ஆகும். அதற்குள் ஒலி உள்ளே போய் உட்கார்ந்துவிடும். அம்மா கிணற்றடியிலிருந்து ‘பொண்ணூ’ என்று இழுத்துக் கூப்பிடும் குரல் இப்போது கேட்டாலும் ஓடத் தோன்றும் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பெயரை வெறுத்துக்கொண்டே அந்தக் குரலுக்கு ஏங்குவது ஏன் என்று குழம்பியும் இருக்கிறீர்கள். குழம்ப வேண்டாம். பெயரின் பொருள் உங்களைக் குத்துகிறது. பெயரைக் கூப்பிட்ட குரல் உங்களை வளர்த்தது. வருகைப்பதிவேட்டில் இருந்தது ஒன்று, கிணற்றடியில் இருந்தது வேறு. பெயரை மாற்றிய பிறகும் அம்மா ‘பொண்ணு’ என்றே கூப்பிடட்டும். அதற்கு அரசிதழ் தேவையில்லை.

1959-இல் இங்கிலாந்தில் நடந்த இன்னொரு பழைய பரிசோதனையும் உண்டு. ஒரு காதில் வரும் பேச்சை மட்டும் கவனித்துத் திருப்பிச் சொல்லும்படி ஆட்களிடம் சொன்னார்கள். இன்னொரு காதில் ஓடிய எதையும் அவர்கள் கவனிக்கவில்லை. அதில் தங்கள் பெயர் வந்தபோது மட்டும் மூன்றில் ஒருவர் கவனித்துவிட்டார். நம் பெயர் நம் அனுமதி கேட்காமலேயே காதுக்குள் வந்துவிடுகிறது. இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். பஸ் நிலையத்தில் யாரோ யாரையோ ‘பொன்னி’ என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பீர்களா? வேலையில் தவறு செய்துவிட்டால், ‘என்ன பொன்னி, இப்படிப் பண்ணிட்டியே’ என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வீர்களா, இல்லை பழைய பெயரா? தன்னைத் தானே கூப்பிட்டுக்கொள்ளும் பெயர் எது என்பது, இந்த மாதிரி முடிவுகளில் நான் முதலில் கேட்கும் கேள்வி.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், மூன்று பெயர்களை எழுதி எதை வைக்கட்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். ஜோதிடர் குறித்த பெயர் ஒன்று, தம்பி மனைவி சொன்ன புதுமாதிரிப் பெயர் ஒன்று, பொன்னி. என்னைக் கேட்டால் பொன்னிதான். மற்ற இரண்டும் யாரோ உங்களுக்கு மறுபடி வைக்கும் பெயர்கள். பொன்னி என்பது, விடுதி வாசலில் பெட்டியோடு நின்ற 17 வயதுப் பெண், தனக்குக் கொடுத்ததிலிருந்தே ஒரு துண்டை எடுத்துத் தனக்காகச் செய்துகொண்ட பெயர். பொண்ணு என்ற ஒலி அதில் ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. காவிரிக்கும் அதுதான் பெயர். 19 வருடமாக அதற்குத் திரும்பிப் பார்த்துப் பழகியிருக்கிறீர்கள்.

மாற்றாமலே இருப்பதும் ஒரு வழிதான். வீட்டிலும் வேலையிலும் பொன்னி, காகிதத்தில் பழையது என்று பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். ஆனால் வங்கியில் கூட்டம் கலையக் காத்திருப்பவருக்கு அந்த நிம்மதி இல்லை. மகளின் நோட்டிலும் அது வந்துவிட்டது. அதனால் மாற்றிக்கொள்ளுங்கள் என்றே சொல்கிறேன்.

மாற்றினால் வலி போய்விடுமா என்றால், முழுதாகப் போகாது. பின்பெஞ்சுச் சிரிப்பு நினைவில் இருக்கத்தான் செய்யும். தினமும் புதிதாகக் குத்துவது நிற்கும், அவ்வளவுதான். அதுவே பெரிது. முதல் சில மாதம், பழைய பெயரை நினைத்து எதிர்பாராமல் அழுகைகூட வரலாம். தப்பு செய்துவிட்டோமோ என்று பயப்படாதீர்கள். 36 வருடம் கூடவே இருந்த ஒன்று. இரவில் தூக்கம் வராமல் விழித்துக் கிடப்பதாகக் கடைசிப் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். அது இரண்டு வாரத்துக்கு மேலும் தொடர்ந்தால் நேரில் ஒரு மனநல மருத்துவரையோ ஆலோசகரையோ பாருங்கள். உடனே யாரிடமாவது பேச வேண்டும் என்றால், மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416. கட்டணம் கிடையாது, தமிழிலும் பேசலாம்.

காகித வேலைகள்

சட்டப் பகுதியை என் வழக்கறிஞர் தோழி ஒருவரிடம் கேட்டு எழுதுகிறேன்.

18 வயது முடிந்த யாரும் தன் பெயரை மாற்றிக்கொள்ளலாம். அப்பாவின் கையெழுத்தோ கணவரின் சம்மதமோ தேவையில்லை. 2021 ஜூனில் சிபிஎஸ்இ சான்றிதழ்கள் தொடர்பான வழக்கில், பெயரும் அடையாளமும் ஒருவருடைய கருத்து வெளிப்பாட்டு உரிமையில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. தமிழ்நாட்டில் இதற்கான வழி அரசிதழ் அறிவிப்பு. எழுதுபொருள் அச்சுத் துறையின் இணையதளத்தில் படிவம் இருக்கிறது. பிறப்புச் சான்றிதழ் அல்லது பள்ளிச் சான்றிதழ், அடையாள அட்டை நகல்கள், புகைப்படம் ஆகியவற்றோடு, படிவத்தில் குறிப்பிட்டுள்ள அதிகாரியிடம் சான்றொப்பம் வாங்கி, கட்டணம் கட்டி அனுப்ப வேண்டும். அரசிதழில் வந்ததும் பக்கத்தின் நகல்களை நிறைய எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

சான்றிதழ் செல்லாமல் போகாது. படித்ததும் தேர்வெழுதியதும் நீங்கள்தான், அது மாறவில்லை. பழைய பெயரில் உள்ள சான்றிதழோடு அரசிதழ் பக்கத்தைச் சேர்த்துக் காட்டுவதுதான் பொதுவான நடைமுறை. பிறகு ஆதார், பான், வங்கி, வாக்காளர் அட்டை என்று ஒவ்வொன்றாக மாற்றுங்கள். ஆதாரில் பெயரைச் சாதாரணமாக வாழ்நாளில் இரண்டு முறைதான் திருத்த முடியும். ஆகவே ஆங்கிலத்தில் எந்த எழுத்துகளைப் போடுவது என்பதை முதலிலேயே ஒரு தாளில் எழுதி, எல்லா இடத்திலும் அதையே கொடுங்கள். ஓர் எழுத்து கூடினாலும் குறைந்தாலும் பிறகு அலைச்சல். மகளின் பிறப்புச் சான்றிதழில் அம்மா பெயர் பழையதாகத்தான் இருக்கும். அவளுடைய கோப்பிலும் ஒரு நகல் வையுங்கள். காப்பீடு, வைப்புநிதி ஆகியவற்றில் உங்களை நியமனதாரராகப் போட்டிருந்தால் கணவரிடம் சொல்லி மாற்றச் சொல்லுங்கள். இதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள்.

அத்தை சொன்னது சரியில்லை. பூர்வீகச் சொத்தில் மகளுக்குள்ள பங்கு பிறப்பால் வருவது. தமிழ்நாடு 1989-லேயே அதற்குச் சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. 2005-இல் நாடு முழுவதற்கும் வந்தது. நீங்கள் பொன்னியாக இருந்தாலும் அவருடைய மகள்தான். அப்பா சுயமாகச் சம்பாதித்ததை உயில் எழுதி யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம், அதற்கும் உங்கள் பெயருக்கும் சம்பந்தமில்லை. நாளைக்கு வாரிசுச் சான்றிதழ் வாங்கும்போது இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று காட்ட அரசிதழ் போதும்.

அப்பாவிடம்

இதுதான் உங்களுக்கு மிகவும் கஷ்டமான பகுதி என்று தெரியும். அப்பா திண்ணையிலிருந்து எழுந்துபோனதை நீங்கள் கோபம் என்று எடுத்துக்கொண்டீர்கள். எனக்கு அது கூச்சமாகவும் தோன்றுகிறது. 36 வருடத்துக்கு முன்னால், கையில் நான்காவது பெண்ணும் சுற்றிலும் ஊர்ப்பேச்சுமாக நின்ற ஓர் ஆள் செய்த காரியத்தை, இன்று அவருடைய மகளே எடுத்து அவர் முன்னால் வைக்கிறார். அதற்கு என்ன பதில் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. ‘நான் போன பிறகு மாத்திக்கோ’ என்பதில், மாற்ற வேண்டிய பெயர்தான் அது என்பதை அவர் ஒப்புக்கொண்டுவிட்டதையும் கவனியுங்கள்.

அவரிடம் அனுமதி கேட்காதீர்கள். கேட்டால், மறுக்கும் பொறுப்பை அவர் தலையில் ஏற்றிவைத்தது போலாகும். முடிவு செய்துவிட்டேன் என்று தெரியப்படுத்துங்கள். கூட்டமாக எல்லோரும் இருக்கும்போது வேண்டாம், அத்தை இல்லாத நேரமாகப் பாருங்கள். ‘ஏன் இப்படி வச்சீங்க’ என்று தொடங்கினால் அவர் மறுபடி எழுந்துபோய்விடுவார். சைக்கிளையும் மாட்டையும் சொல்லித் தொடங்குங்கள், அவை உண்மை என்பதால். பிறகு, ‘பள்ளிக்கூடத்துல அந்தப் பேரால எனக்குக் கஷ்டமா இருந்துச்சுப்பா, இப்பவும் இருக்கு’ என்று ஒரே ஒரு வாக்கியம். விளக்கம் வேண்டாம். அவர் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று எதிர்பார்த்துக்கொண்டு போகாதீர்கள். அந்தத் தலைமுறை ஆண்களுக்கு அது வாயில் வருவதில்லை. ‘சாப்பிட்டியா’ என்று கேட்டால் அதையே பதிலாக எடுத்துக்கொள்ளலாம்.

ஒரு தாளில் புதுப் பெயரை எழுதி எடுத்துப்போய்க் காட்டுங்கள். முன்னால் இனிஷியலோடு எழுதுங்கள். நம் ஊர் வழக்கத்தில் அந்த எழுத்து அவருடைய பெயர். கல்யாணத்துக்குப் பிறகும் நீங்கள் அதை மாற்றவில்லை, இப்போதும் மாற்றப் போவதில்லை. அவர் வைத்த பெயர் போகிறது, அவருடைய பெயர் போகவில்லை. தாளில் கண்ணால் பார்த்தால் அவருக்கு அது புரியும் என்று நினைக்கிறேன். புரியாமலும் போகலாம். அவர் கலங்கினாலும், அந்தக் கலக்கத்தை நீங்கள் உண்டாக்கியதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்களுக்கு முன்பே தொடங்கிய விஷயம் இது.

மகளிடம் இதையெல்லாம் சொல்ல வேண்டாம். எட்டு வயதுக்கு ஏற்றபடி உண்மையைச் சொல்லுங்கள். ‘அப்பல்லாம் பையன்தான் ஒசத்தின்னு நெனச்சாங்க. அதனால, பொண்ணு போதும்னு சாமிகிட்ட கேட்டு எனக்கு இந்தப் பேரை வச்சாங்க. அப்படி நெனச்சது தப்பு. அம்மா இப்ப பேரை மாத்திக்கப் போறேன்’ என்று சொன்னால் அவளுக்குப் போதும். தாத்தா கெட்டவரா என்று கேட்பாள். சைக்கிள் கதையைச் சொல்லுங்கள். கேள்விக்குறி போட்ட கட்டத்தில் என்ன எழுதலாம் என்று அவளையே கேளுங்கள்.

படிவத்தைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். அரசிதழில் வரும் அறிவிப்பு, இன்னாருடைய மகளாகிய நான், இனி இந்தப் பெயரால் அழைக்கப்படுவேன் என்ற மாதிரி ஒரே வாக்கியம்தான். அதன் கீழே பழைய பெயர்தான் வரும். படிவத்திலும் பழைய கையெழுத்தைத்தான் போட வேண்டும். பலர் அவசரத்தில் புதுப் பெயரைப் போட்டுவிடுகிறார்கள், விண்ணப்பம் திரும்பி வந்துவிடுகிறது. நீங்கள் நிதானமாக, முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். பொன்னிக்குப் பெயர் வைப்பவர் போதும்பொண்ணுதான்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்